லொறி பின்னே போக மறுப்பதேன்?

கல்முனைச் சந்தைக்கு அதிகாலையிற் சென்று பழகிய நேயர்கள் ஓர் ஓசையை நன்கு அறிந்திருப்பார்கள். மீன் பெட்டிகளும் மரக்கறி மூடைகளும் நெருங்கிக் கிடக்கும் ஒழுங்கையிலே பழைய லொறி ஒன்று பின்வாங்க முற்படும். கிளீனர் பையன் பின்னே நின்று பலகையைத் தட்டி, "வரட்டும், வரட்டும்!" என்று கூவுவான். சாரதி கிளச்சை மிதித்துக் கியர் லீவரை இழுப்பார். உடனே இரும்பும் இரும்பும் உரசி, 'கர்ர்ர்' என்று ஒரு பேரோசை எழும். கோழிகள் சிதறும், குழந்தைகள் காதைப் பொத்துவர். தேநீர்க் கடையில் இருப்போர் ஒருவரையொருவர் நோக்கி, "கியர் பெட்டி போச்சு" என்று தீர்ப்பளித்துவிடுவர்.

அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதைத்தான் இந்த வாரம் நாம் ஆராயப் போகிறோம். லொறியைப் பற்றிய கதை குடும்பப் பகுதியில் எதற்கு என்று தாய்மார் முகஞ் சுளிக்க வேண்டா. இக்கதையின் நடுவே ஒரு சோடி தங்கக் காப்பும் வருகிறது.

எமது அயலவர் ஒருவரிடம் பெட்போர்ட் லொறி ஒன்று உண்டு. அவருடைய வாப்பா வாங்கி வைத்துச் சென்றது. பெட்போர்ட் என்னும் பெயருடன் முதல் லொறிகள் இங்கிலாந்தின் லூட்டன் நகரிலிருந்து 1931ஆம் ஆண்டில் வெளிவந்தன. பின்னர் இலங்கை மண்ணில் அவை பெற்ற ஆயுள் செய்தவர்களே எதிர்பாராதது என்னலாம். தாய்நாட்டில் அவற்றைத் தொழிற்சாலை கைவிட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், மரப்பெட்டி கட்டி, வர்ணந் தீட்டி, கண்ணாடிக்கு மேலே பெயர் எழுதி, எமது மக்கள் அவற்றைப் பேணி ஓட்டி வந்திருக்கிறார்கள். கல்லோயாத் திட்டம் 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, வயல்கள் விரிந்து நெல் பெருகியபோது, வட்டையிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து தூரத்து நகரங்களுக்கும் மூடைகளைச் சுமந்தவை இத்தகைய லொறிகளே.

எமது அயலவரும் அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை வட்டைகளிலிருந்து நெல் ஏற்றுவார். மற்றைய நாட்களில் செங்கல், மணல், மருதமுனைத் தறிகளுக்கு நூற்பொதி என எது கிடைப்பினும் ஏற்றுவார். மாரி மழையில் ஒரு மாதத்துக்கு மேல் லொறி வாசலில் நின்றது. மழை ஓய்ந்து வெளியே எடுத்த நாள் முதலாக றிவர்ஸ் கியர் முரண்டு பிடிக்கத் தொடங்கிற்று. முதலில் மெல்லிய உரசல். பின்பு பெரும் அரைப்பு. அதன்பின் அவர் இரு கைகளாலும் லீவரைப் பிடித்து இழுக்கலானார்.

ஒரு நாள் ஆலையொன்றின் சாய்வு மேடையில் நெல்லுடன் பின்னேறிக்கொண்டிருந்தபோது, கியர் 'டக்'கென்று கழன்றுவிட்டது. லொறி முன்னே உருண்டது. முன்னால் நிலத்தில் அமர்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டிக்கும் லொறியின் பம்பருக்கும் இடையே இரண்டு முழம் இருக்கையில் பிரேக் பிடித்தது. மூதாட்டி ஊசியை விடாமலே எழுந்து நின்றாராம். அன்றிரவு எமது அயலவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் லொறியை ஒரு கராஜுக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்தவர் ஒருமுறை லீவரை அசைத்துப் பார்த்தார், ஓசையைக் கேட்டார். கியர் பெட்டியை முழுதாக மாற்ற வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன தொகை ஒரு போகத்தின் வருமானம். வீட்டுக்கு வந்து விடயத்தைச் சொன்னதும், மனைவி ஒன்றும் பேசாது கையிலிருந்த இரு காப்புகளையும் கழற்றி மேசைமேல் வைத்தார். மூத்த மகளுக்கென்று வைத்திருந்த காப்புகள் அவை.

நிற்க. அந்தக் காப்புகள் மேசைமேல் இருக்கட்டும். அவற்றின் கதியை அறியுமுன்னர், கியர் பெட்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

மாணவர்கள் இரண்டு நாணயங்களை மேசைமீது ஒன்றையொன்று தொடும்படி வைத்துக்கொள்க. ஒன்றை வலப்பக்கமாகச் சுழற்றினால், மற்றையது இடப்பக்கமாகச் சுழல முற்படும். மூன்றாவதாக ஒரு நாணயத்தை வரிசையிற் சேர்த்தால், அது மீண்டும் வலப்பக்கமாகச் சுழலும். பற்சக்கரங்களின் இயல்பும் இதுவே. ஒரு பற்சக்கரம் இன்னொன்றைத் தொட்டுச் சுழற்றும்போதெல்லாம் திசை மாறும்.

என்ஜினின் சுழற்சி கிளச் வழியாகக் கியர் பெட்டிக்குள் நுழைந்து, அங்குள்ள துணைத் தண்டு ஒன்றைச் சுழற்றுகிறது. இங்கே திசை ஒருமுறை மாறுகிறது. துணைத் தண்டிலிருந்து பிரதான தண்டுக்குச் செல்லும்போது மீண்டும் மாறுகிறது. இருமுறை மாறியது பழைய திசையே அன்றோ? ஆகவே லொறி முன்னே போகிறது. பின்னே போக வேண்டுமாயின் இடையில் இன்னொரு சக்கரத்தைப் புகுத்தித் திசையை மூன்றாம் முறையும் மாற்றிவிட வேண்டும். 'ஐட்லர்' எனப்படும் அந்த இடைச் சக்கரமே றிவர்ஸ் கியரின் உயிர். நாம் லீவரை இழுக்கும்போது, பழைய பெட்டிகளில் இச்சக்கரமோ இதன் இணையோ தண்டின்மீது வழுக்கிச் சென்று மற்றைய சக்கரங்களின் பற்களுக்கிடையே புகுகிறது.

முன்னே செல்லும் கியர்கள் ஓசையின்றி விழ, இது மட்டும் ஏன் அலறுகிறது? ஓடுகின்ற பஸ்ஸில் தொற்றி ஏறுபவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் பஸ்ஸோடு சில அடிகள் ஓடித் தன் வேகத்தைச் சமப்படுத்திக்கொண்ட பின்னரே காலை வைப்பான். நின்றபடியே கையை நீட்டினால் விழுந்துவிடுவான். முன்கியர்களில் 'சிங்ரோமெஷ்' என்னும் அமைப்பு இந்த ஓட்டத்தை ஓடிக் கொடுக்கிறது. பற்கள் சேருமுன்னர் கூம்பு வடிவான இரு பரப்புகள் உராய்ந்து இரு பக்க வேகத்தையும் சமப்படுத்துகின்றன. அமெரிக்காவில் கடிலாக் மோட்டார் வண்டிகளில் 1928ஆம் ஆண்டில் இது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதற்கு முன்னர் எல்லாக் கியர்களுமே அலறியவைதாம்.

றிவர்ஸ் கியருக்கு இந்த வசதியைப் பழைய லொறிகள் பெரும்பாலானவற்றில் வைக்கவில்லை. வண்டி முற்றாக நின்ற பின்னரே றிவர்ஸ் போடப்படும் ஆதலால், அது தேவையில்லை எனச் செலவை மிச்சப்படுத்திவிட்டார்கள். பல லொறிகளில் முதலாம் கியருக்கும் இதே நிலைதான். மேலும் றிவர்ஸ் சக்கரத்தின் பற்கள் சரிவாக வெட்டப்படாமல் நேராக வெட்டப்பட்டவை. நேரான பற்கள் பக்கவாட்டில் வழுக்கிச் சேர்வதற்கு எளியவை. ஆனால் ஓடும்போது 'ஊ' என்று இரைபவை. பின்னே போகும்போது கேட்கும் அந்த இரைச்சல் நோயன்று, இயல்பு. கியர் விழும்போது எழும் 'கர்ர்' என்னும் அரைப்பே நோயின் குறி. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் வீண் அச்சமும் வீண் செலவும் அடைவர்.

இனி, விடயத்தின் கருவுக்கு வருவோம். லொறி நிற்கும்போது சில்லுகளோடு இணைந்த பிரதான தண்டு அசையாது நிற்கிறது. துணைத் தண்டும் நின்றால் மட்டுமே றிவர்ஸ் ஓசையின்றி விழும். கிளச்சை மிதித்தவுடன் துணைத் தண்டு நின்றுவிடுவதில்லை. மின்விசிறியின் ஆளியை அணைத்த பின்னும் அது சுழல்வதுபோலச் சில விநாடிகள் சுழல்கிறது. அந்தச் சில விநாடிகளுக்குள் லீவரை இழுப்பவர் பற்களை அரைக்கிறார். எவ்வளவு காத்திருந்தாலும் துணைத் தண்டு நிற்கவேயில்லை என்றால், கிளச் முழுமையாக விடுபடவில்லை என்பது பொருள். ஆகவே அலறுவது கியர் பெட்டியாயினும், குற்றவாளி பல வேளைகளில் கிளச்சே. அடிபட்டவன் கூச்சலிடுகிறான், அடித்தவன் அமைதியாக நிற்கிறான்.

எமது அயலவரின் மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பவன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், மேசைமேல் இருந்த காப்புகளைக் கண்டான், விடயத்தை அறிந்தான்.

"வாப்பா, என்ஜினை நிப்பாட்டிப்போட்டு றிவர்ஸ் விழுதா எண்டு பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

"நிப்பாட்டிப்போட்டு றிவர்ஸ் போட்டு என்ன செய்யிற? லொறியைத் தள்ளிக்கொண்டா போற?" என்றார் வாப்பா.

"போறதுக்கில்ல வாப்பா, பார்க்கிறதுக்கு."

ஜும்ஆத் தொழுகை முடிந்து, உண்டு எழுந்து, இருவரும் வாசலுக்கு இறங்கினர். நாமும் வேலிக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பையன் முதலில் நான்கு சில்லுகளுக்குக் கட்டை வைத்தான். கைப் பிரேக்கை இழுத்தான். இதைத் தவிர்த்தவர்கள் பலர் பின்பு வருந்தியிருக்கின்றனர் என்பதை மாணவ நேயர்கள் மறவாதிருப்பாராக.

முதலாவது சோதனை: என்ஜின் நிற்கையில் றிவர்ஸ் போடுவது. லீவர் இலகுவாக விழுந்தது. என்ஜின் நிற்கையிலும் விழாதிருந்தால், லீவரின் மூட்டுகள், இணைப்புக் கம்பிகள், உள்ளிருக்கும் கவர் ஆகியவற்றில் தேய்வையோ வளைவையோ தேட வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: சில வேளைகளில் பல்லின் முனை பல்லின் முனைக்கு நேர் நின்று தடுக்கும். அப்போது கட்டையை எடுத்து வண்டியை ஒரு சாண் அளவு நகர்த்தி, மறுபடியும் கட்டை வைத்துப் பார்த்த பின்னரே முடிவு கூற வேண்டும்.

இரண்டாவது சோதனை: என்ஜினை ஓடவிட்டு, வேகத்தை ஆறுதலாக வைத்து, லீவர் நடுநிலையில் இருக்கக் கிளச்சை அடிவரை மிதித்து, பத்து வரை மெல்ல எண்ணி, அதன்பின் றிவர்ஸை மெதுவாகத் தொடுவது. காத்திருந்ததும் ஓசை அற்றுப்போனால் பிழை சாரதியின் அவசரத்தில் இருக்கிறது. அல்லது என்ஜின் சும்மா நிற்கையில் அளவுக்கு மேல் வேகமாகச் சுழல்கிறது. பையன் பத்து எண்ணினான், இருபதும் எண்ணினான். 'கர்ர்' என்றது லொறி.

"பாருங்க வாப்பா, கிளச்ச முழுசா அமத்தியும் உள்ளுக்க சுத்திக்கொண்டுதான் இருக்கு," என்றான் மகன்.

மூன்றாவது சோதனை: கிளச்சை ஒரே மூச்சில் மிதிக்காது, மூன்று நான்கு தடவை விட்டு விட்டு அமர்த்தி மிதித்துப் பார்ப்பது. என்ன வியப்பு! நான்காம் மிதியில் பெடல் இறுகியது. றிவர்ஸ் ஓசையின்றி விழுந்தது. அந்த லொறியின் கிளச் குழாயிலுள்ள திரவத்தின் அழுத்தத்தால் இயங்குவது. குழாய்க்குள் காற்றுப் புகுந்தால், மிதியின் வலு காற்றை நெருக்குவதிலேயே வீணாகிவிடும். கிளச் தகடு அரைகுறையாகவே விலகும். பலமுறை மிதித்ததும் சரிவந்தது இதற்குச் சான்று. பையன் லொறியின் கீழே குனிந்து டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தான். கிளச்சின் கீழ்ச் சிலிண்டரின் வாயில் ஈரம் கசிந்திருந்தது. மேலே திரவக் கிண்ணத்தில் அடிமட்டத்துக்கே திரவம் இருந்தது. உள்ளிருந்த ரப்பர் கப் பழுதடைந்து திரவம் கசிய, அவ்விடத்தைக் காற்று பிடித்துக்கொண்டது.

ரப்பர் கப்புகள் சிலவும் ஒரு போத்தல் திரவமும் வாங்கப்பட்டன. காற்றை வெளியேற்ற மகன் கீழே படுத்தான். வாப்பா மேலே மிதித்தார். அசருக்கு முன்னர் வேலை முடிந்தது. காப்புகள் மேசையிலிருந்து கைக்கு மீண்டன.

இங்கு ஒரு வார்த்தை. திரவக் கிண்ணம் வற்றியது கண்டு கையில் அகப்பட்ட என்ஜின் எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. பிரேக் திரவத்துக்கென்று செய்யப்பட்ட ரப்பர் அந்த எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும். சிக்கனம் என்று நினைத்தது பெருஞ் செலவாகும்.

இதே நோய்க்கு வேறு காரணங்களும் உள. கம்பி இணைப்பால் இயங்கும் கிளச்சாயின், பெடலின் தளர்வு அளவுக்கு மேற்பட்டிருக்கலாம். பல வண்டிகளில் அது ஏறத்தாழ ஓர் அங்குலமாக இருத்தல் வழக்கம். சரியான அளவு அந்தந்த வண்டியின் கைநூலில் இருக்கும். கடற்கரையூர்களாகிய எமக்கு இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றிலும் மாரி ஈரத்திலும் வண்டி நெடுநாள் நின்றால், கிளச் தகடு வழுக்கிச் செல்லும் தண்டின் வரிகளில் துருப் பிடிக்கும். சில வேளை தகடே சுழல் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தகடு வளைந்திருத்தல், தண்டின் நுனியைத் தாங்கும் சிறு பேரிங் இறுகிப்போதல் ஆகியனவும் உண்டு. பேரிங் இறுகினால் கிளச் சரியாக விலகியும் பயனில்லை. என்ஜின் அந்தப் பேரிங் வழியாகவே தண்டை இழுத்துச் சுழற்றும். இவற்றை அறியக் கியர் பெட்டியை இறக்கியாக வேண்டும். ஆதலின் அவற்றை இறுதியில் வைத்துக்கொள்க. செலவற்ற சோதனை முதலில். சிறு செலவு அடுத்து. பெருஞ் செலவு கடைசியில். வைத்தியருக்கும் பொருந்தும் முறை இது.

கியர் பெட்டியின் எண்ணெயையும் பார்த்தல் வேண்டும். பக்கத்திலுள்ள நிரப்பும் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நிற்பது பெரும்பாலான பெட்டிகளில் சரியான மட்டம். எண்ணெயை வடிக்கும்போது அடி ஆணியில் சாம்பல் நிறச் சேறுபோலச் சிறிது படிந்திருந்தால் கலங்க வேண்டா. அது வயதின் தேய்வு. விரலுக்குத் தட்டுப்படும் இரும்புத் துண்டுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. எண்ணெயின் தரத்தைக் கைநூல் கூறியபடியே தெரிந்தெடுக்க. விலை கூடியது நல்லது என்று எண்ணி, பின் அச்சுப் பெட்டிக்குரிய கடும் மருந்துச் சரக்குள்ள எண்ணெயைப் பழைய கியர் பெட்டியில் ஊற்றினால், அது சிங்ரோமெஷ்ஷின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

கதை இத்துடன் இன்பமாக முடிந்ததென்று எழுதிவிட எமக்கும் ஆசைதான். ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. கிளச் சரியான பின்னரும், ஏற்றத்தில் பாரத்தோடு பின்னேறும்போது கியர் கழலும் குணம் முற்றாகப் போகவில்லை. ஏனெனில் இரண்டு மாதம் வலுவில் இழுத்து இழுத்து, ஐட்லர் சக்கரத்தின் பல்முனைகள் மழுங்கிவிட்டன. முழுப் பல்லும் முழுப் பல்லோடு சேராமல், நுனியோடு நுனி நின்று பாரந் தாங்கினால் அது நழுவத்தானே செய்யும்? லீவரை இருப்பில் நிறுத்தும் சிறு குண்டும் வில்லும் வலுவிழந்தாலும் இவ்வாறு நேரும்.

ஆக, கராஜில் சொன்னது முழுப் பொய்யன்று, பாதி உண்மை. பெட்டிக்குள் சேதம் இருந்தது. ஆனால் சேதம் விளைவே அன்றிக் காரணமன்று. கிளச்சைத் திருத்தாமல் புதுப் பெட்டியைப் பூட்டியிருந்தால், காப்புகள் போனபின் புதுப் பற்களும் இரண்டு மாதத்தில் மழுங்கியிருக்கும். அப்போது எதை விற்பது?

எமது அயலவர் ஒரு முடிவு செய்தார். பெரும்போக அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து ஐட்லரையும் அதன் இணையையும் மாற்றுவது; அதுவரை பாரத்தோடு சாய்வு மேடையில் பின்னேறுவதில்லை; சமநிலத்தில் நிறுத்தி மூடைகளைத் தோளில் இறக்குவது. சுமைகூலி சற்றுக் கூடிற்று. "கூடட்டும், அந்தக் கிழவி ஊசியோட எழும்பி நிண்டது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது," என்றார் அவர். அறுவடை முடிந்து சொன்னபடியே செய்தும் விட்டார்.

அவர் கைக்கொண்ட பழக்கத்தையும் நேயர்களுக்குச் சொல்லிவைப்போம். வண்டி முற்றாக நின்ற பின்னரே றிவர்ஸை நினைக்கிறார். கிளச்சை அடிவரை மிதித்து, முதலில் இரண்டாம் கியரை ஒருமுறை தொடுகிறார். அக்கியரின் சிங்ரோமெஷ், சுழலும் துணைத் தண்டைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. கிளச்சை விடாமலே அங்கிருந்து றிவர்ஸுக்குச் செல்கிறார். லீவர் மறுத்தால் இழுப்பதில்லை. நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளச்சை ஒருமுறை விட்டு மிதித்து, மீண்டும் முயல்கிறார். பற்கள் சற்று நகர்ந்து இடங்கொடுத்துவிடுகின்றன. பின்பக்கம் கிளீனர் கண்ணுக்குத் தெரியுமிடத்தில் நின்றாலன்றி லொறியை அசைப்பதுமில்லை. சிறுவர்கள் விளையாடும் ஒழுங்கைகள் நிறைந்த எமது ஊர்களில், மற்றவற்றை மறப்பினும் இதனை மறத்தலாகாது.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் எமது பிள்ளைகள் பொறியியல் படிக்கின்ற காலம் இது. படித்த பிள்ளை எண்ணெய் படிந்த லொறியின் கீழே படுப்பதா என்று கூச்சப்படும் பெற்றோர் சிலர் இன்னும் உளர். அன்று வாசலில் உடுப்பெல்லாம் அழுக்காக எழுந்து வந்த மகனைக் கண்டு அவன் உம்மா கடிந்துகொள்ளவில்லை. காப்பணிந்த கையால் சவர்க்காரத்தை எடுத்துக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் கல்முனைச் சந்தையில் அந்த லொறி பின்வாங்கும்போது 'ஊ' என்ற இரைச்சல் மட்டும் கேட்கிறது. கோழிகள் சிதறுவதில்லை. தேநீர்க் கடைக்காரர் மட்டும், "என்ன, புதுப் பெட்டி போட்டாச்சோ?" என்று கேட்கிறாராம். எமது அயலவர் சிரித்துக்கொண்டே, "இல்ல மச்சான், பத்து வரைக்கும் எண்ணப் பழகிட்டன்," என்று விடையிறுக்கிறார்.